சாயமும் உயிரும்: பால் எர்லிக் வரலாறு

சாயத்தொழில் செய்வோர் எல்லாரும் கைகண்ட உண்மை ஒன்றுண்டு. ஒரு சாயம் பட்டிலும் கம்பளியிலும் நன்கு பற்றும். பஞ்சு நூலில் இட்டாலோ ஒரு முறை அலசிய அளவில் ஓடிவிடும். மற்றொன்று காரம் ஊட்டினாலன்றி எந்நூலிலும் நில்லாது. தொழிலாளர் இதனைப் பழக்கத்தால் அறிந்து, அறிந்த அளவில் அமைவர். ஒன்றிற் பற்றும் சாயம் மற்றொன்றில் ஏன் பற்றவில்லை என்று நின்று வினவுவோர் அரியர். அவ்வினாவை மாணவப் பருவத்திலேயே எழுப்பி, அறுபத்தோராம் வயதில் உயிர் நீங்குங்காறும் அதனைக் கைவிடாது நின்றவர் ஒருவர் உளர். அவரே ஜெர்மானிய மருத்துவப் பேரறிஞர் பால் எர்லிக். குருதியின் அணுக்களை வகுத்தறிந்ததும், மேகநோய்க்கு மருந்து கண்டதும் அவ்வொரு வினாவின் பயனாகும். நம் காலத்தில், ஒளி பட்டவுடன் விழித்துத் தொழிற்படும் சாயத்தைக்கொண்டு உயிருள்ள அணுவுக்கு மெல்லியதோர் ஆடை புனையும் கலை வளர்ந்துவருகின்றது. அதன் வேரும் அவ்வினாவினிடத்தேதான் உள்ளது. ஆதலின் அவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைப்போம்.

பிறப்பும் கல்வியும்

எர்லிக் 1854-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 14-ஆம் நாள், சைலீசிய நாட்டு ஸ்ட்ரேலன் என்னும் சிற்றூரில் யூதக் குடும்பம் ஒன்றிற் பிறந்தார். அவ்வூர் அன்று பிரஷ்ய அரசுக்கு உட்பட்டிருந்தது. இன்று போலந்து நாட்டைச் சேர்ந்துள்ளது. தந்தையார் இஸ்மார் எர்லிக் விடுதி நடத்திவந்தவர். தாயார் பெயர் ரோசா. தாய்வழி உறவினரான கார்ல் வைகெர்ட் என்பார் எர்லிக்குக்கு ஒன்பது ஆண்டு மூத்தவர். நுண்கிருமிகளைச் சாயமூட்டிக் கண்ணுக்குப் புலனாக்கிய முதல்வர்களுள் ஒருவர். சாயத்தின்மேல் எர்லிக்குக்கு எழுந்த வேட்கைக்கு வித்திட்டவர் இவரே.

காலமும் அவ்வேட்கைக்கு இசைவாயிற்று. எர்லிக் இரண்டு வயதுக் குழந்தையாக இருந்தபோது, அதாவது 1856-ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரில் பதினெட்டே வயது நிரம்பிய வில்லியம் பெர்க்கின் என்னும் மாணவர் நிலக்கரித் தாரினின்று ஊதாச் சாயம் ஒன்றைத் தற்செயலாக உண்டாக்கினார். அதன்பின் சாயத் தொழிற்சாலைகள் ஜெர்மனியில் மளமளவென்று எழுந்தன. இயற்கையிற் காணாத நிறங்கள் ஆண்டுதோறும் அங்கே பிறந்தன. உலகம் அவற்றை ஆடைக்கு வாங்கிற்று. எர்லிக்கோ உயிருக்குள் செலுத்தும் கருவியாக அவற்றைக் கண்டார்.

அவர் பிரெஸ்லாவு, ஸ்ட்ராஸ்பர்க், பிரைபர்க், லைப்சிக் ஆகிய பல்கலைக்கழகங்களில் மருத்துவம் பயின்றார். வகுப்புப் பாடங்களில் அவர் மனம் ஓடவில்லை. ஸ்ட்ராஸ்பர்க்கில் உடற்கூற்று நூல் கற்பித்த வால்டையர் என்னும் பேராசிரியர், தம் மாணவர் ஒருவரின் மேசை நாள்தோறும் பல நிறக் கறைகளாற் பொலிவதைக் கண்டார். பிறராயின் கடிந்திருப்பர். வால்டையரோ அவ்விளைஞரைத் தம் வழியே செல்ல விட்டுவிட்டார். நல்லாசிரியர் செய்யும் பேருதவிகளுள் தடுக்காதிருத்தலும் ஒன்று போலும்! எல்லாரும் அவ்வாறு மதித்தாரல்லர். ராபர்ட் காக் என்னும் பெருமருத்துவர் பிரெஸ்லாவு வந்தபோது, சாயமூட்டுவதில் வல்லவர் என்றும், ஆனால் தேர்வில் ஒருகாலும் தேறமாட்டார் என்றும் எர்லிக்கை அவருக்குச் சுட்டிக்காட்டினர் என ஒரு கதை வழங்குகின்றது. தேறமாட்டார் எனப்பட்டவர் 1878-ஆம் ஆண்டு லைப்சிக் நகரில் மருத்துவப் பட்டம் எய்தினார். அதற்கு அவர் எழுதிய ஆராய்ச்சியுரையும் சாயத்தைப் பற்றியதே.

சாயத்தால் விளைந்த அறிவு

அவ்வாண்டே பெர்லின் நகரில் சாரிட்டே என்னும் பெரிய மருத்துவமனையில் பிரெரிக்ஸ் என்பாரின்கீழ் எர்லிக் பணியேற்றார். அங்கே குருதியை ஆராயத் தொடங்கினார். ஒரு துளி குருதியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பூசி, வெப்பத்தால் உலர்த்தி, சாயமூட்டிப் பூதக்கண்ணாடியின்கீழ் வைத்தார். அதுவரையில் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றிய வெள்ளணுக்கள் இப்போது வெவ்வேறு குடியினவாகப் பிரிந்து நின்றன. அமிலத்தன்மையுடைய சாயத்தை ஒருவகை அணுவின் மணிகள் விரும்பி ஏற்றன; காரத்தன்மையுடையதை மற்றொருவகை ஏற்றது.

அந்நாளில் புதிதாக வந்திருந்த சாயங்களுள் இயோசின் என்பது ஒன்று. விடியற்காலத்துக்குரிய கிரேக்கத் தெய்வத்தின் பெயரை ஒட்டி அதற்கு இப்பெயர் அமைந்தது. வைகறைச் செவ்வானம் போன்ற இளஞ்சிவப்பு அதன் நிறம். 1879-ஆம் ஆண்டில், இயோசினை ஆர்வத்தோடு பற்றிச் செக்கச்செவேலெனச் சிவக்கும் மணிகள் நிறைந்த வெள்ளணு ஒன்றை எர்லிக் விவரித்தார். அவ்வணு இன்றளவும் இயோசின் விரும்பி என்னும் பொருள்தரும் பெயராலேயே மருத்துவ நூல்களில் வழங்குகின்றது. வயிற்றுப் பூச்சியாலோ ஒவ்வாமையாலோ வருந்துவோர் குருதியில் அதன் தொகை மிகுதல் நாம் அறிந்ததே.

1882-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள், காசநோய்க்குக் காரணமான கிருமியைத் தாம் கண்டறிந்த செய்தியைக் காக் பெர்லினில் வெளியிட்டார். அவ்வவையில் எர்லிக்கும் இருந்தார். காக் கையாண்ட சாயமுறை அருமையானது; நெடுநேரம் வேண்டுவது. எர்லிக் சின்னாளில் அதனினும் எளிய முறை ஒன்றை வகுத்தார். அக்கிருமி ஒருமுறை சாயத்தைப் பற்றினால் அமிலமிட்டுக் கழுவினும் விடாது என்பதைக் கண்டு, அவ்விடாப்பிடியையே அதனை அடையாளங் காணும் வழியாக்கினார். இன்றும் சளியிற் காசக்கிருமி தேடும் முறை அதன் வழிவந்ததே.

இவையெல்லாம் உயிரற்றுப் பதமிட்ட அணுக்களில் நிகழ்ந்தவை. எர்லிக்கின் உள்ளமோ உயிருள்ள அணுவை நாடிற்று. அவ்வாண்டிலேயே இயோசினுக்குத் தாயான புளோரெசீன் என்னும் ஒளிரும் சாயத்தை முயலின் உடலிற் செலுத்தி, அது கண்ணினுள் ஊறிவரும் வழியைக் கண்டார். 1885-ஆம் ஆண்டு, உயிருள்ள விலங்குகளின் உடலிற் சாயங்களைச் செலுத்தி, எவ்வுறுப்பு எவ்வளவு பிராணவாயுவை வேண்டுகின்றது என்று ஆராய்ந்து நூல் ஒன்று எழுதினார். பிராணவாயு நிறைந்த இடத்தில் அச்சாயங்கள் நிறம் காட்டும். அது குறைந்த இடத்தில் நிறம் இழக்கும். அடுத்த ஆண்டில் மெத்திலீன் நீலம் உயிருள்ள நரம்புகளை மட்டும் தேடிச் சென்று பற்றி, அவற்றின் நுண்கிளைகளை நீலக்கொடிபோல் விளங்கச் செய்தலைக் காட்டினார். உயிரைக் கொல்லாமலே உயிரின்மேற் சாயம் ஏற்றலாம் என்பது தெளிவாயிற்று.

நோயும் மீட்சியும்

1883-ஆம் ஆண்டில் எர்லிக் ஹெட்விக் பிங்குஸ் என்னும் நங்கையை மணந்தார். இருவர் பெண்மக்கள் பிறந்தனர். இல்வாழ்வு இனிதே நடந்தது. ஆயினும் 1885-இல் பிரெரிக்ஸ் இறந்தபின் மருத்துவமனையில் ஆராய்ச்சிக்கு முன்போல் இடமில்லாதாயிற்று. 1888-ஆம் ஆண்டில் பெருந்துன்பம் நேர்ந்தது. தாம் வகுத்த சாயமுறையாலேயே தம் சளியைச் சோதித்து, அதிற் காசக்கிருமி இருத்தலை எர்லிக் கண்டார். தம் கைக்கருவியே தமக்கு நோயோலை தந்த அந்நாளில் அவர் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! வறண்ட காற்றை நாடி மனைவியாருடன் எகிப்து நாட்டுக்குச் சென்றார். உடல் தேறி 1889-ஆம் ஆண்டில் மீண்டார். மீண்டவருக்குப் பதவி ஒன்றும் காத்திருக்கவில்லை. சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றைத் தாமே அமைத்துக்கொண்டு உழைத்தார். 1891-இல் காக் தம் புதிய நிறுவனத்தில் அவருக்கு இடம் அளித்தார்.

அவ்வாண்டிலேயே எர்லிக் தம் எண்ணத்தை மேலும் ஒரு படி உயர்த்தினார். மலேரியாக் கிருமி மெத்திலீன் நீலத்தை நன்கு பற்றுகின்றது. பற்றுமாயின், அச்சாயமே அதனைத் தாக்கவுங்கூடுமன்றோ? குட்மன் என்னும் மருத்துவருடன் சேர்ந்து மலேரியா நோயாளர் இருவருக்கு அச்சாயத்தையே மருந்தாகக் கொடுத்தார். இருவரும் நலமடைந்தனர். தொழிற்சாலையிற் பிறந்த சாயம் மனிதனுக்கு மருந்தாயிற்று.

பற்றுதலே தொழிற்படுதல்

தொண்டை அடைப்பான் நோய்க்குப் பேரிங் முதலியோர் கண்ட எதிர்நச்சு நீர், அளவு வரையறை இன்மையால் ஒருகால் பயன்பட்டும் ஒருகால் பயன்படாதும் இருந்தது. எர்லிக் அதன் வலிமையைப் பெருக்கி, அதனை அளவிடும் முறையையும் வகுத்தளித்தார். அப்பணியின் ஊடே 1897-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கொள்கை பக்கச்சங்கிலிக் கொள்கை எனப்படும். உயிரணுவின்மேல் பற்பல சிறு கைகள் உள. பூட்டுக்குத் திறவுகோல் பொருந்துவதுபோல் ஒவ்வொரு கையும் தனக்கேற்ற பொருளையே பற்றும். நச்சு வந்து பற்றிய கைகளுக்கு ஈடாக அணு மேன்மேலும் கைகளை முளைவிக்கும். மிகைப்பட்டவை உதிர்ந்து குருதியிற் கலக்கும். அவையே நச்சை வழியிற் பிடித்து அடக்கும் எதிர்ப்பொருள்கள். இக்கொள்கையின் சில கூறுகளைப் பிற்காலத்தார் திருத்தினர். ஆயினும் அணுவின்மேல் குறித்த பொருளைப் பற்றும் இடங்கள் உள என்னும் அடிப்படை நிலைத்து நிற்கின்றது. பற்றாத பொருள் எதுவும் தொழிற்படாது என்பது எர்லிக்கின் முடிந்த முடிபு. சாயத்தொட்டியிற் பிறந்த வினா உயிர்நூலின் விதியாக மலர்ந்தது.

1899-ஆம் ஆண்டு முதல் அவர் பிராங்க்பர்ட் நகரில் வாழ்ந்தார். 1906-இல் பிரான்சிஸ்கா ஸ்பையர் என்னும் அம்மையார் தம் கணவர் நினைவாக வழங்கிய பெருங்கொடையால் அங்கே மருந்தாராய்ச்சி நிலையம் ஒன்று எழுந்தது. 1908-ஆம் ஆண்டு மெச்னிகாவ் என்பாருடன் நோபெல் பரிசு பெற்றார். இத்துணைப் புகழிலும் அவர் எளிமை மாறவில்லை. சுருட்டுப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, புத்தகமும் தாளும் குவிந்த அறையில் இருப்பார். உடன் பணிபுரிவோர்க்கு அன்றைய வேலையைச் சிறு வண்ணச் சீட்டுகளில் எழுதி அனுப்புவார். இறுதியில் தம் உடலுக்குத் தீங்கு செய்த சுருட்டை மட்டும் அவரால் விட முடியவில்லை.

நோய்க்கிருமியைமட்டும் பற்றி, நோயாளியின் அணுக்களைத் தீண்டாத மருந்து ஒன்று வேண்டும் என்பதே அவர் கனவு. ஜப்பானியரான ஷிகாவுடன் கூடி 1904-இல் டிரிப்பன் சிவப்பு என்னும் சாயத்தால் எலிகளின் உடலிலிருந்த ஒருவகைக் கிருமியை அழித்தார். பின்னர் நச்சுப் பொருளாகிய ஆர்சனிக்கைக் கொண்ட சேர்க்கைகளை ஒன்றன்பின் ஒன்றாக நூற்றுக்கணக்கில் ஆக்கிச் சோதித்தார். 606 என எண்ணிட்ட பொருள் பயனற்றதென முன்பு ஒருமுறை ஒதுக்கப்பட்டது. 1909-ஆம் ஆண்டு ஜப்பானினின்று வந்த ஹட்டா என்பார் அதனை மீண்டும் சோதித்தபோது, மேகநோயால் வருந்திய முயல்கள் நலம் பெற்றன. 1910-இல் அது சால்வர்சான் என்னும் பெயரால் வெளிவந்தது. விற்பனைக்கு வருமுன் ஏறத்தாழ 65,000 வேளை மருந்து மருத்துவர்களுக்கு இலவசமாக அனுப்பப்பட்டது. பெனிசிலின் வருங்காறும் உலகெங்கும் அம்மருந்தும் அதன் திருந்திய வடிவமுமே மேகநோயாளர்க்குப் புகலிடமாக விளங்கின.

இறுதி நாட்கள்

சால்வர்சான் கையாளுதற்கு அரிய மருந்து. காற்றுப் பட்டாற் கெடும். ஊசி வழியே இடுதலிற் பிழை நேர்ந்தால் தீங்கு விளையும். அதனால் இறந்தாரும் உளர். எர்லிக் ஒவ்வொரு செய்தியையும் கவனித்து ஆராய்ந்தார். ஆயினும் பழிதூற்றுவோர் பெருகினர். 1914-ஆம் ஆண்டு வழக்கு மன்றத்தில் எர்லிக் சாட்சியாக நின்றார். பழிதூற்றிய பத்திரிகையாளர் சிறைத்தண்டனை பெற்றார். எனினும் அவர் உள்ளத்திற் பட்ட புண் ஆறவில்லை. யூதருக்கு முழுப் பேராசிரியர் பீடம் எளிதிற் கிட்டாத அந்நாட்டில், அப்பதவி அவரை அடைந்ததும் அந்த 1914-இலேதான். அவ்வாண்டில் போர் மூண்டபோது, ஜெர்மனியின் செயலை நியாயப்படுத்திய 93 அறிஞர் அறிக்கையில் அவரும் கையெழுத்திட்டார். அது அவர் வரலாற்றில் மறைத்தற்கில்லாத மாசு. 1915-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் பாட் ஹோம்பர்க் என்னும் ஊரில் உயிர் நீத்தார்.

பின்னர் நாஜி ஆட்சியினர், அவர் யூதர் என்னும் ஒன்றே காரணமாகப் பிராங்க்பர்ட் தெருவொன்றில் இருந்த அவர் பெயரை நீக்கினர். அவர் மனைவியார் முதுமையில் நாடு துறந்து செல்ல நேர்ந்தது. போர் முடிந்தபின் பெயர் மீண்டும் தெருவிற்கு வந்தது.

கொல்லும் சாயம், காக்கும் சாயம்

எர்லிக் உழைத்த அந்நாளிலேயே, மியூனிக் நகரில் ஆஸ்கர் ராப் என்னும் மருத்துவ மாணவர் ஒரு வியப்பைக் கண்டார். அக்ரிடின் என்னும் பொருள் கலந்த நீரில் நீந்திய நுண்ணுயிர்கள் இருளிற் பிழைத்தன. ஒளியில் விரைந்து மடிந்தன. இதனை அவர் 1900-இல் வெளியிட்டார். 1903-இல் அவர் ஆசிரியர் தாப்பைனர், இயோசினைப் பூசி ஒளியிட்டுத் தோற்கட்டிகளைத் தாக்க முயன்றார். ஒளியை உண்ட சாயம் தன் ஆற்றலைப் பிராணவாயுவுக்கு ஈந்து அதனை வெறிகொள்ளச் செய்கின்றது. அவ்வாயுவே அணுவை அழிக்கின்றது.

அதே ஆற்றலை வேறு வழியிலும் திருப்பலாம். 1954-ஆம் ஆண்டு புரூக்லின் நகரில் ஜெரால்டு ஆஸ்டர் என்பார், இயோசின் போன்ற சாயத்தோடு எலெக்ட்ரானை எளிதில் ஈயும் பொருள் ஒன்றைச் சேர்த்துக் கண்ணுக்குப் புலனாகும் ஒளியைப் பாய்ச்சினால், நீரிற் கரைந்த சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நெடுஞ்சங்கிலியாகும் என்று காட்டினார். அச்சங்கிலியே பாலிமர். சங்கிலிகள் குறுக்கும் நெடுக்கும் பின்னினால் நீர் செறிந்த மென்படலம் ஆகும்.

இவ்விரண்டும் எர்லிக்கின் விதியோடு கூடியபோது உயிரணுவின் ஆடை பிறந்தது. 1992-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டு டெக்சாசில் ஹப்பெல் முதலியோர், இயோசின் இனச் சாயத்தையும் பச்சை நிற லேசர் ஒளியையும் கொண்டு, இன்சுலின் சுரக்கும் கணையத் திட்டுகளைப் பாலிமர்ப் படலத்தாற் போர்த்தனர், திட்டுகள் உயிரோடிருந்தன. சர்க்கரையும் இன்சுலினும் அப்படலத்தின் ஊடே சென்றுவரும். அயலுறுப்பைத் தாக்கவரும் வெள்ளணு உட்புகாது. நீரிழிவுடையார்க்கு மாற்றுத் திட்டு வைத்தலே அவர்கள் கருதிய பயன். இயோசினாற் போர்க்கும் இம்முறை இன்னும் எங்கும் வழங்கும் சிகிச்சையாக முதிரவில்லை. ஆயினும் நெறி திறக்கப்பட்டது.

கென்டக்கிப் பல்கலைக்கழகத்தார் மேலும் நுட்பமாகச் சென்றனர். பல அணுக்கள் கலந்த திரளில் தாம் வேண்டிய அணுவைமட்டும் பற்றும் எதிர்ப்பொருளை விட்டு, அதனோடு இயோசினை இணைத்து, பற்றாத சாயத்தைக் கழுவினர். பின் பாலிமருக்கு வேண்டிய கரைசலில் இட்டுப் பச்சை ஒளியைக் காட்டினர். இயோசின் தங்கிய அணுக்களின்மேல் மட்டும் படலம் படிந்தது. அடுத்து, அணுவைக் கரைக்கும் சவர்க்கார நீரை ஊற்றினர். ஆடையற்றவை கரைந்தொழிந்தன, ஆடையுற்றவை பிழைத்து நின்றன. வேண்டிய அணுக்களைத் தூயனவாகப் பிரித்தெடுக்க இது 2015-ஆம் ஆண்டளவில் கண்ட வழி.

இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. ஒளி மிகினும், சாயம் மிகினும், பிராணவாயு வெறிகொண்டு, காக்க வந்த சாயமே கொல்லும் சாயமாகிவிடும். ஆகவே அளவறிந்து, நேரமறிந்து ஒளியை இடுதல் வேண்டும். ஒரே பொருள் நஞ்சுமாம், கவசமுமாம். எங்கே பற்றுகின்றது, எவ்வளவு பற்றுகின்றது என்பதே அதனைத் தீர்மானிக்கும். இப்பாடத்தைச் சால்வர்சானின் துன்பங்களின் வழியே எர்லிக் முன்னரே கற்றிருந்தார்.

அவர் இக்கவசத்தைக் கண்டவரல்லர். அதனைக் கனவிலும் கருதியிரார். ஆயினும் இயோசினை அணுவின்மேல் ஏற்றிய கையும், அணுவின்மேற் பற்றிடம் உண்டென்று கூறிய அறிவும் அவருடையன. அவ்விரண்டும் அவர் மறைந்து நெடுநாட் கழித்து ஒரு துளி நீரில், ஒரு கீற்றுப் பச்சை ஒளியில் ஒன்றுகூடின. மேசையைக் கறைப்படுத்திய மாணவர் என்று உடனிருந்தோர் நகைத்தனர். அக்கறை இன்னும் வெளுக்கவில்லை. நம்முள்ளும் பாடத்திட்டத்திற்கு அடங்காத ஒரு வினாவை நெஞ்சிற் பொதிந்து வைத்திருப்பார் இருத்தல் கூடும். அதனைச் சிறிதென்று எறிந்துவிடாது காத்தல் அவர்க்கும் நன்று, பின்வரும் உலகுக்கும் நன்று.